முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு பிசியோதெரபி: வீட்டிலா, பக்கத்துக் கிளினிக்கிலா, அரசு மருத்துவமனையிலா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பெயர், வேளை, தையல் பிரிக்க வரவேண்டிய தேதி எல்லாம் விவரமாக இருக்கும். கடைசி வரியில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று மட்டும் எழுதியிருக்கும். யாரிடம், எவ்வளவு காலம், எந்த நிலையை எட்டும்வரை என்று ஒன்றும் இருக்காது. லட்சங்களைச் செலவழித்துப் பொருத்திய புது மூட்டு நன்றாக மடங்குமா, நேராக நீளுமா, அம்மாவால் துணையில்லாமல் மாடிப்படி ஏற முடியுமா என்பதில் பெரும்பங்கு அந்த ஒற்றை வரியைப் பொறுத்தது. அதை வீட்டாரின் தலையில் விட்டுவிடுகிறார்கள்.

என் அம்மாவுக்காகவும், பிறகு உறவினர்கள் சிலருக்காகவும் இந்தத் தேடலில் இறங்கியிருக்கிறேன். தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றில் இருக்கும் குடும்பத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சென்னைவாசிகளுக்கு வாய்ப்புகள் கூடுதல். ஆனால் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுதான்.

எதை வைத்து ஒப்பிடுவது?

கட்டடமும் கருவிகளும் கண்ணில் படுகின்றன. அதனால் அவற்றைப் பார்த்தே மயங்கிவிடுகிறோம். முதல் நாள் அந்த பிசியோதெரபிஸ்ட் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். திறமையானவர் முதல் நாளில் சிகிச்சையைவிட விசாரிப்பதற்கே அதிக நேரம் எடுத்துக்கொள்வார். சம்மரியைப் படிப்பார். எக்ஸ்ரேயைக் கேட்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உண்டா, இன்னொரு முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, நாலடி நடக்கச் சொல்லிப் பார்ப்பார். கோணமானி போன்ற கருவியை முட்டியின் பக்கவாட்டில் வைத்து, எத்தனை டிகிரி மடங்குகிறது, நீட்டும்போது நேராவதற்கு எத்தனை டிகிரி குறைகிறது என்று அளந்து எழுதிவைப்பார். வீட்டில் எந்த வகைக் கழிப்பறை, வாசலில் எத்தனை படி, படுப்பது கட்டிலிலா பாயிலா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று நோயாளியிடமே கேட்பார், பக்கத்தில் நிற்கும் மகனிடம் அல்ல. இதற்கெல்லாம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

இவை எதுவும் இல்லாமல், உள்ளே போனதும் கட்டிலில் படுக்கவைத்துக் கருவியை மாட்டும் இடத்துக்கு இரண்டாவது முறை போகவேண்டியதில்லை.

அந்த அளவு எழுதப்பட்டிருப்பது ஏன் முக்கியம் என்றால், அதுதான் அடுத்தடுத்த வாரங்களில் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. சமதரையில் நடக்க முட்டி 60, 70 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படிக்கு 90-ஐ ஒட்டித் தேவைப்படும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றித் தவிக்காமல் எழ 100-க்கு மேல் வேண்டும். இரண்டு வாரத்தில் 90, ஆறு வாரத்தில் 110-ஐ ஒட்டி என்பது பொதுவாக எதிர்பார்க்கப்படும் வேகம். அறுவைக்கு முன் முட்டி எவ்வளவு இறுகியிருந்தது என்பதைப் பொறுத்து இது மாறும். மடங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். முழுதாக நேராகாத முட்டியோடு நடப்பவர் காலம் முழுவதும் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். நீட்டுவதையும் அளக்கிறாரா என்பது நல்லவரை அடையாளம் காணும் வழிகளில் ஒன்று.

வீட்டுக்கு வருபவர்

முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இதற்கு நிகரான வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வீங்கிய காலோடு ஆட்டோவில் ஏறி இறங்குவதே அந்த நாட்களில் ஒரு நாளுக்கான தெம்பை உறிஞ்சிவிடும். வீட்டுக்கு வருபவர் உங்கள் வீட்டையே பார்க்கிறார் என்பது இன்னும் பெரிய நன்மை. கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும் வழியில் உயரமான நிலைப்படி இருக்கிறது, வாக்கர் நுழைய வாசல் அகலம் போதாது என்பதெல்லாம் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் முதல் நாளே அம்மாவின் முட்டிக்கு அடியில் இருந்த தலையணையை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். குதிகாலை உயர்த்திவைத்தால் முட்டி தன் எடையாலேயே நேராகும். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் பாசத்தோடு முட்டிக்குக் கீழேதான் தலையணை வைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கிளினிக்கைவிடக் கட்டணம் கூடுதல். ஏஜென்சி மூலம் ஏற்பாடு செய்தால் இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று மாறி மாறி வருவார்கள். முந்தையவர் என்ன செய்தார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரத்தில் இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பேசி முடிக்கும்போதே கேட்டுவிடுங்கள்: தொடர்ந்து ஒருவரே வருவாரா, எவ்வளவு நேரம் இருப்பார், பெண் நோயாளி என்றால் பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைப்பாரா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். தொடைவரை துணியை ஒதுக்கி, காலைப் பிடித்துச் செய்யவேண்டிய பயிற்சிகள் இவை. அம்மா கூச்சத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டால் முட்டி மடங்காது. தளர்வான சுடிதார் பேன்ட் ஒன்றை வாங்கிக்கொடுத்தால் பாதிச் சங்கடம் தீரும்.

தினமும் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. வாரத்துக்கு மூன்று முறை வந்து, மற்ற வேளைகளில் செய்யவேண்டியதை எண்ணிக்கையோடு எழுதிக்கொடுத்து, அடுத்த முறை அதைச் செய்துகாட்டச் சொல்பவர், தினமும் வந்து தானே காலை ஆட்டிவிட்டுப் போகிறவரைவிட மேல்.

பக்கத்துக் கிளினிக்

துணையோடு படி இறங்கி ஆட்டோவில் உட்கார முடிந்ததும் கிளினிக்குக்கு மாறிவிடலாம். தசை பலப்படவேண்டிய கட்டம் அது. அதற்கு இடமும் சாமான்களும் வேண்டும்: பிடித்து நடக்க இணைகம்பி, பயிற்சிப் படிக்கட்டு, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், காலில் கட்டும் எடைப்பை. வெளியே கிளம்பிப் போவதே நோயாளிக்கு ஒரு தெம்பு. அதே அறுவை செய்துகொண்டு ஒரு மாதம் முன்னால் இருக்கும் இன்னொரு பெண்மணியைச் சந்திப்பது, எந்த மருத்துவரின் ஆறுதலும் தராத நம்பிக்கையைத் தரும்.

கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை தனியாகப் போய்ப் பாருங்கள். நம் ஊர்களில் வாடகை குறைவு என்பதால் பல பிசியோதெரபி கிளினிக்குகள் லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் இருக்கின்றன. முட்டி அறுவை முடிந்தவர் மூன்றாம் வாரத்தில் அந்தப் படிகளை எப்படி ஏறுவார்? உள்ளே போனதும் எண்ணிப் பாருங்கள்: படுத்திருப்பவர்கள் அதிகமா, எழுந்து நின்று பயிற்சி செய்பவர்கள் அதிகமா? வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றிலும் கம்பி சுற்றிய நோயாளி, பயிற்சி செய்ய ஐந்தடி இடமில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

கருவிகள் விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது. ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும், தோல்வழியே மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் ஐ.எஃப்.டி., டென்ஸ், அதோடு ஒலியலையைச் செலுத்தும் அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் இவைதான் பிசியோதெரபி என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். ‘பத்து சிட்டிங் கரண்ட் வைத்தேன்’ என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். வலி சற்று மட்டுப்பட்டு, அந்த இடைவெளியில் பயிற்சி செய்ய முடிந்தால் அவற்றுக்கு ஒரு பயன் உண்டு. கருவியே சிகிச்சை என்று ஆகிவிட்டால் பணமும், அதைவிட விலைமதிப்புள்ள முதல் வாரங்களும் போய்விடும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், 2016-இல் இடுப்புவலிக்கும் 2022-இல் மூட்டுத் தேய்மானத்துக்கும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், இந்த மின்சிகிச்சைகளைத் தரவேண்டாம் என்றும் உடற்பயிற்சியே அடிப்படை என்றும் சொல்லிவிட்டது. காலைத் தானாக மடக்கி நீட்டும் சி.பி.எம். கருவியை வாடகைக்கு எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. முட்டி மாற்று அறுவைக்குப் பின் அதன் பலனை ஆராய்ந்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், அது கூடுதலாகத் தந்த மடக்கம் சுமார் 2 டிகிரிதான். அந்த வாடகைப் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்டை இன்னும் சில முறை வரவழைத்துவிடலாம்.

இரண்டு ஆபத்துகளையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே உலோக மூட்டு இருப்பவரின் முட்டிக்கு ஷார்ட்வேவ் டயாதெர்மி எனும் வெப்பக் கருவியை வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கும் கூடாது. பல வருடச் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால், வெந்துபோவதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். இந்த இரண்டையும் கேட்காமல் சூடு வைக்க வருபவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அறுவை செய்த மருத்துவமனையின் சொந்தப் பிரிவு

அறுவை நிபுணரும் பிசியோதெரபிஸ்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், காயத்தில் சிவப்போ நீரோ தெரிந்தால் உடனே காட்டிவிடலாம். கட்டணமும் தூரமும் இடைஞ்சல். தினசரிப் பயிற்சிக்கு இங்கே அலைவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் அளந்து பார்த்து, பயிற்சியை மாற்றி எழுதி வாங்கிவருவது போதும்.

அரசு மருத்துவமனையும் கல்லூரிகளும்

‘பெரியாஸ்பத்திரியில் யார் கவனிப்பார்கள்’ என்று நடுத்தரக் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபிப் பிரிவுகள் இருக்கின்றன, காசு இல்லை. அங்கே இருப்பவர்கள் ஒரு மாதத்தில் பார்க்கும் நோயாளிகளை ஒரு சிறு கிளினிக்காரர் ஒரு வருடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். அந்த அனுபவம் கையில் தெரியும். காலையில் ஓ.பி. சீட்டு எடுத்துக் காத்திருக்கவேண்டும் என்பதும், ஒருவருக்கு ஒதுக்கும் நேரம் குறைவு என்பதும் உண்மை. பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் ஒழுங்காகச் செய்யக்கூடியவருக்கு இது முழுதாகப் போதும். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் செய்யவைக்க ஆள் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்குப் போதாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் மறந்துவிடுகிறோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிந்துகொள்ளலாம். ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றிவர வேண்டியவர் என்பதால் அவர் அடிக்கடி வர இயலாது. நடமாட முடியாத முதியவருக்கும் நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்கும் இது பெரிய உதவி. அறுவை முடிந்த முதல் மாதத்துக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நான் கூடுதலாகப் பரிந்துரைப்பது பிசியோதெரபிக் கல்லூரிகளின் வெளிநோயாளிப் பிரிவுகளை. சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், திருச்சி அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., போரூர் ராமச்சந்திரா என்று பல ஊர்களில் இருக்கின்றன. பயிற்சி மாணவர்கள்தான் பெரும்பாலும் காலைத் தொடுவார்கள். மேலே ஓர் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருப்பார். மாணவர் என்று தயங்கவேண்டாம். அவர் அளப்பார், எழுதுவார், ஆசிரியர் கேள்வி கேட்பார் என்ற பயத்தில் எதையும் விடமாட்டார். ஒரு நோயாளிக்கு நிறைய நேரம் கிடைக்கும் இடமும் இதுதான்.

இந்த வரிசை முட்டிக்குப் பொருந்தும். பக்கவாதம், தண்டுவடக் காயம் என்றால் பக்கத்துக் கிளினிக்கில் தொடங்காதீர்கள். முதல் மூன்று மாதங்கள் மிகவும் விலைமதிப்புள்ளவை. பிசியோதெரபியோடு பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி, சிறுநீர், படுக்கைப்புண் பராமரிப்பு எல்லாம் சேர்ந்த இடம் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் அப்படிப்பட்டது. 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் என்ற மருத்துவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வளர்த்தெடுத்த துறை அது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டுக்குத் தென்காசிப் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது.

யாரை நம்புவது?

பெயர்ப் பலகையில் ‘டாக்டர்’ இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிசியோதெரபிஸ்டுகள் அந்த அடைமொழியைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசின் சுகாதார சேவைகள் தலைமை இயக்ககமே ஒரு கடிதம் அனுப்பி, உடனே அதைத் திரும்பப் பெற்றது. நீங்கள் கேட்கவேண்டியது பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பி.பி.டி. இருக்கிறதா, எந்தக் கல்லூரி என்பதைத்தான். முதுநிலைப் பட்டமான எம்.பி.டி. என்றால் எந்தப் பிரிவு என்றும் கேளுங்கள். முட்டிக்கு எலும்பு, பக்கவாதத்துக்கு நரம்பு. சில மாதச் சான்றிதழோடு ‘தெரபிஸ்ட்’ என்று வருபவர்கள் இருக்கிறார்கள். பட்டத்தைக் கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

எண்ணெய் தடவி நீவிவிடுபவரை அழைக்கலாமா என்று உறவுக்காரர்கள் நிச்சயம் கேட்பார்கள். தையல் காயம் முழுதாக ஆறும்வரை வேண்டாம். ஆறிய பிறகும் முட்டியைப் பிடித்து முரட்டுத்தனமாக மடக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், அவர் பிசியோதெரபிஸ்டாக இருந்தாலும். ‘கத்தினால்தான் மடங்கும்’ என்பது தவறு. பயிற்சியின்போது வலிக்கும், அது சில மணி நேரத்தில் தணியவேண்டும். மறுநாளும் வீக்கமும் வலியும் முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள், குறைக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காய்ச்சல் வந்தால், தையலில் நீர் கசிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை செய்த மருத்துவரை அழைக்கவேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

செலவு விஷயத்தில் ஒரு குறிப்பு. மருத்துவக் காப்பீட்டில் வெளியில் செய்யும் பிசியோதெரபிக்குப் பணம் கிடைக்காது என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கு ஒரு காலவரம்பு உண்டு. பல நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது 60 நாள். மருத்துவர் எழுதித் தந்த சீட்டும், பட்டம் குறிப்பிட்ட ரசீதும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். அதனால் டிஸ்சார்ஜ் நாளிலேயே அந்த ஒற்றை வரியை விரித்து, எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை முறை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டச் சொல்லும் பேக்கேஜுகளுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுவில் ஆளை மாற்ற முடியாமல் கட்டிப்போட்டுவிடும்.

என் வரிசை இதுதான்: தையல் பிரிக்கும்வரையும் அதற்குப் பிறகு ஓரிரு வாரமும் வீட்டுக்கு வரும் ஒருவர். பிறகு மூன்றாம் மாதம்வரை தரைத்தளத்தில் இருக்கும், பயிற்சிக்கு இடமுள்ள கிளினிக் அல்லது கல்லூரி. இடையிடையே அறுவை செய்த இடத்தில் அளவு பார்த்தல். கையில் பணம் குறைவென்றால் வீட்டுக்கு வருபவரை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். இதில் எந்தத் தாழ்வும் இல்லை.

எங்கே போனாலும் அளவு எழுதிய தாளை உங்களிடமே வைத்திருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் அந்த எண் நகரவில்லை என்றால் முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காரணம் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஆளை மாற்றுங்கள். ஆறு வாரம் ஆகியும் 90-ஐத் தொடவில்லை என்றால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அறுவை நிபுணரைப் பாருங்கள். இறுகிய முட்டியை மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை ஒன்று உண்டு. அது முதல் 12 வாரங்களுக்குள் செய்யும்போதுதான் நல்ல பலன் தருகிறது.